பரஸ்தானம் வைத்த பை

கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்த புதிதில் ஒருநாள் என் மாமியார், "அந்தப் பரஸ்தானத்தை எடுத்துட்டுப் போயி வடக்கு வூட்டுல குடுத்துட்டு வந்துடும்மா" என்றார். இரண்டு நாள் கழித்து அவர் திருப்பதி போவதாக இருந்தது. கட்டிலில் ஒரு மஞ்சள் பை கிடந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு நூல் புடவை, ஒரு ரவிக்கை, ஒரு துண்டு. பரஸ்தானம் என்பது ஏதோ துணி வகை போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பாப்ளின், பாலியஸ்டர், பரஸ்தானம். சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம், "பரஸ்தானம் துணி சாயம் போகுமாங்க?" என்று கேட்டேன். மனிதர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கிணற்று மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டும் கடை வைத்திருக்கிறார். மறுநாள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த விவசாயிகள் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. ஒரு வருஷம் அவர் என்னைக் கூப்பிட்ட பெயரே பரஸ்தானம்தான்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டால் உட்காரவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. தொண்டையில் மீன்முள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். மாமியாரைக் கேட்டால், "பரஸ்தானம்னா பரஸ்தானம்தான், இதுல என்னத்த கேக்குற" என்றார். அரியலூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டேன். "பாகிஸ்தான் பக்கத்துல இருக்குற ஊருங்களா மேடம்?" என்றார். அந்த ஆளிடம் போய்க் கேட்ட என்னைச் சொல்ல வேண்டும். கடைசியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நூலகத்துக்குப் போய், தூக்க முடியாத தடிமனில் இருந்த அகராதியைப் புரட்டினேன்.

பிரஸ்தானம் என்ற வடசொல்தான் நம் வாயில் பரஸ்தானம் ஆகியிருக்கிறது. பொருள், புறப்பாடு. 'ஸ்தா' என்றால் நிற்பது. அதற்கு முன்னால் 'ப்ர' வந்து ஒட்டிக்கொண்டால், நின்ற இடத்தை விட்டு முன்னோக்கி நகர்வது. பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் ஒரு நாளாகவும் ஆள் கிளம்ப முடிவது வேறு நாளாகவும் இருந்தால், நல்ல நேரத்தில் அவருடைய உடுப்பையோ சாமானையோ போகிற திசையில் இருக்கும் வேறு ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். துணி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிய கணக்கு. அப்புறம் எந்தச் சூலம் குறுக்கே நின்றாலும் கவலையில்லை. அந்தப் புறப்பாட்டுக்கு இருந்த பெயரைத்தான் எங்கள் தெருவில் அந்தத் துணிக்கும் பைக்குமே வைத்துவிட்டார்கள். அகராதியைக் கையில் எடுத்த சூட்டோடு 'துணி'யையும் பார்த்தேன். துணிப்பது என்றால் வெட்டுவது. தறியில் நெய்த நீளத்திலிருந்து வெட்டி எடுத்தது துணி. எனக்கு அன்றைக்குச் சாப்பிடாதது தெரியவே இல்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. வெளியே போன பரஸ்தானம் ஆள் கிளம்புவதற்கு முன்னால் வீட்டுக்குள் திரும்பி வரக் கூடாது. வந்துவிட்டால் பயணம் அழிந்துபோகும். ஒருமுறை மாமியார் பழனிக்குப் போவதற்காக வைத்த பையை மேற்கு வீட்டுப் பிள்ளை விளையாட்டாகத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் போட்டுவிட்டான். மாமியார் சத்தமே போடவில்லை. பையைத் திறந்து புடவையை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டார். அந்த வருஷம் பழனி இல்லை. என் மகளுக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. நான் இந்தச் சமாச்சாரத்தையெல்லாம் கேலி பண்ணுகிறவள். திங்கட்கிழமைதோறும் ராகு காலத்தில்தான் ஆபீசுக்கு பஸ் ஏறுகிறேன், இதுவரைக்கும் ராகு என்னிடம் டிக்கெட் கேட்டதில்லை. பெரம்பலூரில் ரயில் கிடையாது, எங்கே போனாலும் பஸ்தான். காலையில் அரியலூர், சாயங்காலம் பெரம்பலூர் என்று பதினெட்டு வருஷமாக ஊசியில் கோத்த நூல் மாதிரி போய் வருகிறேன். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி போனால் பஸ் ஊரும். வெள்ளைத் தூசி ஜன்னல் வழியாக வந்து புடவை மடிப்பில் உட்காரும். எனக்கோ ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காது. போகிறோமே ஒழிய எங்கும் போய்ச் சேரவில்லை என்று அந்த ஜன்னலோரத்தில்தான் அடிக்கடி தோன்றும்.

பதவி உயர்வு எனக்கு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் வெளியூர். எங்கள் அலுவலகப் பாஷையில், வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதற்கு 'உரிமை விடல்' என்று பெயர். முதல் முறை மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்த நேரம். பரணிலிருந்து பெரிய பையை இறக்கினேன், துணி அடுக்கினேன், மறுபடி எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு உரிமை விடல் கடிதம் கொடுத்தேன். இரண்டாவது முறை அவள் பத்தாம் வகுப்பு. அப்போதும் இறக்கினேன், அடுக்கினேன், அவிழ்த்தேன். என்னைவிட இளையவர்கள் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து எனக்குக் கோப்புகளைத் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை செங்கல்பட்டுக்கு உத்தரவு வந்தபோது, இதையும் விட்டால் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை முற்பகல் பணியில் சேர வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். போ என்றால் போகலாம், போகாதே என்றால் சண்டையாவது போடலாம். இந்த 'உன் இஷ்டம்' இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மகள் இப்போது பதினொன்றாவது. அவள்தான் ரொம்பத் தெளிவாகப் பேசினாள். "போம்மா, நானும் அப்பாவும் பாத்துக்குறோம். எனக்கு ரசம் வைக்கத் தெரியும்." அவள் அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரச்சினை அவர்கள் இல்லை, நான்தான். என்னை எனக்குத் தெரியும். புதன்கிழமை காலையில் பையை வாசலுக்குக் கொண்டுபோகிற வரைக்கும் வீறாப்பாக இருப்பேன். வாசலில் வைத்து மனசு மாறிவிடும். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பையை முன்னாலேயே வெளியே அனுப்பிவிட்டால்? திரும்பி வரக் கூடாத இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால்? செங்கல்பட்டு இருப்பது வடக்கே. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்று காலண்டரிலேயே போட்டிருந்தது. நானே நம்பாத ஒன்றை எனக்குக் கடிவாளமாகப் போட்டுக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்தது. "அத்தை இருந்திருந்தா வைக்கச் சொல்லியிருப்பாங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உன் இஷ்டம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வடக்கு வீட்டுக்குப் போனேன். பழைய குடும்பம் விற்றுவிட்டுப் போய், இப்போது அங்கே ஒரு முஸ்லிம் அக்கா இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் சவுதியில். விஷயத்தை விளக்கிச் சொன்னேன். "வையி வையி, பீரோ மேல வச்சிடு, புள்ளைங்க கை படாது" என்றார். அப்புறம் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நாங்க பிஸ்மில்லான்னு சொல்லிட்டுக் கெளம்பிடுவோம், அவ்வளவுதான். பைய வச்சாலும் வைக்காட்டியும் போற ஆளு போயிடறாங்கம்மா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அதற்கப்புறம் டீ ருசிக்கவில்லை.

நான் செய்த மடத்தனம் அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. புதன்கிழமை கிளம்புகிறவள் ஞாயிற்றுக்கிழமையே எல்லாவற்றையும் அடுக்கிவிட்டேன். நல்ல புடவை எல்லாம் அதில். உள்பாவாடை எல்லாம் அதில். படிக்கிற கண்ணாடி அதில், சீப்பு அதில், ஆபீஸ் அடையாள அட்டையும் அதில். பையோ வரக் கூடாது. ஒரே வழி, நான் போக வேண்டும். திங்கட்கிழமை காலையில் வீட்டில் குளித்துவிட்டு, நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, தெருவில் பால்காரருக்கு ஒரு வணக்கத்தையும் வைத்துவிட்டு, வடக்கு வீட்டுக்குப் போய்ப் புடவை கட்டிக்கொண்டு பஸ் பிடித்தேன். சாயங்காலம் அங்கே போய்ப் புடவையை மாற்றிவிட்டு நைட்டியோடு வீட்டுக்கு வந்தேன். செவ்வாய்க்கிழமையும் அதே கூத்து. "ரெண்டு வூட்டுக்காரி ஆயிட்டியே" என்று அக்கா சிரித்தார்.

சிரிப்பெல்லாம் அந்த வீட்டோடு சரி. எங்கள் வீட்டுக்குள் வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் அலமாரித் தட்டு காலியாக இருந்தது. அதில் மகள் தன் புத்தகங்களை அடுக்கியிருந்தாள். கேட்டதற்கு, "காலியாத்தானம்மா இருக்கு" என்றாள். திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை அவளே செய்தாள், ஒத்திகையாம். ரசம் நன்றாகவே இருந்தது. இரண்டு பேரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நாலு முறை நடந்தேன். தண்ணீர் எடுக்கப் போனேன், எதற்குப் போனேன் என்று மறந்து திரும்பி வந்தேன். துணி போய்விட்டது, நான் போகவில்லை. போகிறவளாகவும் இல்லாமல் இருக்கிறவளாகவும் இல்லாமல் சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நிற்பது எனக்கு அதுவரை பழக்கமில்லாத வேதனை.

செவ்வாய்க்கிழமை அரியலூரில் என்னைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். சால்வை போட்டார்கள். பாகிஸ்தான் பக்கத்து ஊரா என்று கேட்ட அதே ஆள் எழுந்து நின்று நான் ஒரு சிங்கம் என்று பேசினார். மைசூர்பாகும் மிக்சரும் தட்டில் வந்தன. எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நாளைக்குக் காலையில் இதே ஊருக்கு வந்து ரயில் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான் மனசில். சாயங்கால பஸ்ஸில் முன்னால் ஒரு லாரி வரிசை. ஓட்டுநரிடம், "அண்ணே, கொஞ்சம் ஏறிப் போங்கண்ணே" என்று சொல்லி அவரிடம் ஒரு முறைப்பும் வாங்கிக்கொண்டேன்.

வடக்கு வீடு பூட்டியிருந்தது. அக்கா எங்கேயோ போயிருக்கிறார், புடவையை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். கூடத்தில், கட்டிலின் நடுவில், என் பை உட்கார்ந்திருந்தது.

நம்பாதவளுக்கு என்ன பயம் என்று கேட்கக் கூடாது, ஒரு நொடி பயந்துதான் போனேன். அடுத்த நொடி கோபம் வந்தது. வீட்டுக்காரர் அப்போதுதான் கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"உன் இஷ்டம் உன் இஷ்டம்னு சொல்லிட்டு இந்த வேலையப் பாத்தீங்களா? போவாதன்னு சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு? பையைத் தூக்கிட்டு வந்து போட்டா நான் உக்காந்துடுவேனா?"

அவர் ஈரக் கையோடு கட்டிலைப் பார்த்தார். "சத்தியமா நான் தொடலடி" என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது பொய் இல்லை என்று தெரிந்தது. அந்த முகத்தில் வேறு ஒன்றும் தெரிந்தது. பையைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். அதை மறைக்கத் தெரியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான்மா எடுத்துட்டு வந்தேன்."

மகள் அறைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"வடக்கு வூட்டுப் பெரியம்மா வெளிய கெளம்புனாங்க. அம்மா வாங்கியாரச் சொன்னாங்கன்னு சொல்லி வாங்கிட்டு வந்துட்டேன்" என்றாள்.

"எதுக்கு?"

"திரும்பி வந்துட்டா போவக் கூடாதுல்ல?"

அவள் குழந்தை மாதிரி கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு சட்டத்தை எடுத்துச் சொல்வதுபோல் நிதானமாகத்தான் கேட்டாள். எனக்குக் கோபம் வடிந்துபோய், அந்த இடத்தில் என்ன வந்து நின்றது என்று எனக்கே தெரியவில்லை. கட்டிலில் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீதானடி போம்மா போம்மான்னு சொன்ன?"

"சொன்னேன். போவ மாட்டேன்னு நெனச்சேன். எப்பவும் போவ மாட்டல்ல நீ."

எனக்குச் சுருக்கென்றது. "உனக்காகத்தான் ரெண்டு தடவையும் போவல" என்றேன்.

"நான் அப்பக் கேக்கலயேம்மா. மொதத் தடவ எனக்கு ஒண்ணும் தெரியாது. பத்தாவதுல நான் போன்னுதான் சொன்னேன். நீயா இருந்துட்ட." அவள் குரல் கொஞ்சம் மேலே போயிற்று. "இப்பத்தான் நான் கேக்குறேன். இருன்னு கேக்குறேன்."

வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் அதேதான் கேள்வி, அவருக்கு அதைக் கேட்கிற தைரியம் இல்லை, மகளுக்கு இருந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். உரிமை விடல் கடிதத்தின் வாசகம்கூட எனக்கு மனப்பாடம். பையிலிருந்து புடவைகளை எடுத்துத் தட்டில் வைத்தால் அவள் புத்தகங்களை எடுத்துக்கொள்வாள். ரசத்தை நான் வைப்பேன். வெள்ளிக்கிழமையிலிருந்து அதே பஸ், அதே ஜன்னல், அதே லாரி. வாய் வரைக்கும் 'சரி' வந்துவிட்டது.

வந்தது வேறு. அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் உள்ளே இருந்தது என்றுகூட அதுவரை எனக்குத் தெரியாது.

"ரெண்டு தடவையும் இருந்தேன். இருந்துட்டு, ரெண்டு தடவையும் உன்னத்தான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன். நீ பாட்டுக்குப் படிச்சுக்கிட்டு இருப்ப, நான் அந்தாண்ட உக்காந்து, இவளாலதானேன்னு நெனப்பேன். இந்தத் தடவையும் இருந்தா அது போவாது கண்ணு. உன்னப் பாக்குறப்பெல்லாம் எனக்கு அதுதான் தோணும். எனக்கு அப்புடி ஒரு அம்மாவா இங்க இருக்க வேணாம்."

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது! வீட்டுக்காரர், "ஏய்" என்று மட்டும் சொன்னார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் வந்து பையின் இரண்டு காதுகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். கனம், ஒரு பக்கம் சாய்ந்தாள். வீட்டுக்காரர் உதவிக்கு வந்தார். "நான் தூக்கிக்குவேன்ப்பா" என்றாள். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். அக்கா அப்போதுதான் திரும்பி வந்து கதவைத் திறந்துகொண்டிருந்தார். அவள் சொன்னதை நான் வாசற்படியில் நின்று கேட்டேன்.

"பெரியம்மா, அம்மாவோட பையி. நான்தான் தெரியாம மாத்திச் சொல்லி வாங்கிட்டுப் போயிட்டேன். பீரோ மேலயே வச்சிடுங்க. அம்மா நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்குவாங்க."

வெறுங்கையோடு திரும்பி வந்தாள். கைப்பிடி அழுத்தியதில் விரல்கள் சிவந்திருந்தன. என்னைத் தாண்டி உள்ளே போய், என் பழைய தட்டில் தன் புத்தகங்களை இன்னும் கொஞ்சம் தள்ளி ஒழுங்குபடுத்தினாள். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதுவிடுவாள், அழுதுவிடுவாள் என்று காத்திருந்தேன். அழுதிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். அவள் அழவில்லை.